கதவை உடைக்கும் காட்சி

படம் மோசமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர். நாவலைப் படமாக்குகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அதைக் குதறிப்போட்டுவிடுவார்கள். இந்த இயக்குநர் அப்படிச் செய்யவில்லை. சாமான் அறையை நான் எழுதியபடியே கட்டியிருந்தார். ஜன்னல் இல்லை, பரண் நிறையப் பழைய பெட்டிகள், மூலையில் சுருட்டி வைத்த பாய். கணவன் மனைவியை உள்ளே அடைத்துவிட்டு வெளியே உட்காரும் இடத்தில் பின்னணி இசையே கிடையாது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவள் பேயாகத் திரும்பி வரும் பகுதியும் தேவலை.

குறைகளைப் பற்றித்தான் பத்திரிகைக்கு எழுதினேன். உங்கள் மேஜைமேல் இருப்பது அந்தக் கட்டுரைதான்.

என் மனைவி ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தினாள். நான் குடும்பக் கதைகளாக ஏழு நாவல்கள் எழுதினேன். ஏழும் சீந்துவாரில்லாமல் கிடந்தன. எட்டாவதாகப் பேய்க்கதையில் கை வைத்தேன். அவள் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: 'பயமே வரவில்லை. இப்படி யாரும் பயப்படமாட்டார்கள்.' அதோடு விட்டிருக்கலாம். பதிப்பாளர் வீட்டுக்கு வந்தபோது அவரிடமும் சொன்னாள்.

"இவருக்குக் கரப்பான்பூச்சியப் பாத்தாத்தான் சார் பயம். பேயப் பத்தி என்னத்த எழுதப்போறாரு?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அந்தக் கசப்பு இன்றுவரை போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய காகிதக் கட்டு எடுக்க அவள் சாமான் அறைக்குள் போனாள். நான் கதவைச் சாத்தினேன்.

"விளையாடாதீங்க. எனக்கு மூச்சு முட்டும்."

"அரை மணி நேரம்தான். என்ன தோணுதுன்னு சொல்லு, எழுதிக்கிறேன்."

அவளுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் சமையலறை அலமாரியில் இருந்தது. முதலில் நன்றாகவே ஒத்துழைத்தாள். "இருட்டு கண்ணுக்குள்ள வர்ற மாதிரி இருக்கு, இதப் போட்டுக்கோங்க" என்று அவளே சொன்னாள். அருமையான வரி. நாவலில் அப்படியே இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

படத்தில் கதாநாயகி பதினோரு நிமிடம் கத்துகிறாள். இதுதான் முதல் குறை. கத்துவதற்கும் மூச்சு வேண்டாமா? மூச்சு கிடைக்காதவர்கள் கன்னத்தைத் தரையில் அழுத்தி, கதவின் அடியில் இருக்கும் இடுக்கில் வாயை வைத்துப் படுத்துவிடுவார்கள். நாவலில் இதை நான் எழுதவில்லை. அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. படத்தைப் பார்த்த பிறகுதான் பொறுக்கமுடியாமல் கட்டுரையில் எழுதினேன். தப்பைத் தப்பென்று ஒருவராவது சொல்ல வேண்டாமா?

என் மைத்துனன் பத்திரிகையும் கையுமாக வந்து நின்றான்.

"அக்கா கட்டில்ல தூக்கத்துலயே போயிட்டாங்கன்னுதானே மாமா சொன்னீங்க? அப்புறம் கன்னத்துல ஏன் தரை டைல்ஸோட கோடு பதிஞ்சிருந்துச்சு?"

மூன்று வருடமாக அந்தக் கோட்டை அவன் மனதில் வைத்திருந்திருக்கிறான். அவளைக் கட்டிலில் கிடத்தியது நான்தான். போர்வையைக்கூட ஒழுங்காகப் போர்த்தியிருந்தேன். கோட்டை நான் கவனிக்கவில்லை.

ஆனால் உண்மையான குறை, அவள் பேயாவதற்கு முன்னால் அந்த அறைக் காட்சி முடிகிற விதம். படத்தில் கணவன் மனம் மாறி, அழுதுகொண்டே ஓடிவந்து, தோளால் இடித்துக் கதவை உடைக்கிறான். தியேட்டரே கைதட்டியது. என் நாவலில் அப்படி ஒன்றும் கிடையாது. இயக்குநரிடம் நேரிலேயே கேட்டேன்.

"சார், அவன் கடைசிவரைக்கும் தொறக்கவே இல்லைன்னா ஜனங்க நம்பமாட்டாங்க" என்றார்.

நம்பமாட்டார்களாம். எங்கள் வீட்டுக் கதவை உடைக்கவே வேண்டாம், இன்ஸ்பெக்டர். பூட்டு கிடையாது, வெறும் தாழ்ப்பாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் எட்டும். அவள் இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டாள். எனக்கு நன்றாகக் கேட்டது. அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் என்னை எழுப்பக்கூடாது என்பது அவளுக்கே தெரியும்.