ஆறு பக்கம் அதிகம்

— மேற்கோள் ஆரம்பம், ஐயோ என் மூக்கு, ஆச்சரியக்குறி, இன்னொரு ஆச்சரியக்குறி, மேற்கோள் முடிஞ்சுது, என்று அலறினார் மாமனார், முற்றுப்புள்ளி. புதுப் பத்தி. பதினோராவது முறையாக, காற்புள்ளி, சைக்கிளை நிமிர்த்தி…

— நிறுத்தும்மா. இன்னுமா விழறாரு?

— இன்னும் ஒரு பக்கம் இருக்குண்ணே. அதுலயும் விழுவாரு போல.

— அவரு மூணாவது தடவை விழுந்தப்பவே நான் தூங்கி விழுந்துட்டேன். இதுக்குப் பேரு நகைச்சுவைக் களஞ்சியம்! எழுதினவரு நாலு தலைமுறையைச் சிரிக்க வெச்சவராம், அட்டையில போட்டிருக்கு. எந்த நாலு தலைமுறை? எங்க தாத்தா சிரிச்சதே இல்ல. எங்கப்பா எங்க தாத்தாவைப் பார்த்துப் பயந்துகிட்டே இருந்தாரு. மீதி யாரு?

— நீங்க சிரிச்சு நானும்தான் பார்த்ததில்ல. பதினோரு வருஷமா எதிர் நாற்காலியில உட்கார்ந்து படிக்கிறேன்.

— நீ படிக்கிற அழகுக்கு எவன் சிரிப்பான்? சாவு வீட்டுக்கு வந்தவங்க பேரை வாசிக்கிற மாதிரி படிக்கிறே.

— புள்ளி, குறி எல்லாம் சொல்லித்தானே படிக்கணும்? நான் மூலத்தைப் படிக்க, நீங்க புரூப்ல சரி பார்க்க, அதுதானே நம்ம பிழைப்பு. ஒண்ணு விட்டுப்போனா என் தலையில கட்டுவீங்க. வாயைத் திறந்து படிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். சிரிக்க வைக்கிறதுக்கு இல்ல.

— ஆச்சரியக்குறின்னதும் ஞாபகம் வருது. முன்னாடி இங்க ஒரு எழுத்தாளர் வருவாரு. பக்கத்துக்கு நாப்பது ஆச்சரியக்குறி. நான் அத்தனையையும் எடுத்துட்டேன். மூணு மாசம் கழிச்சு வந்தாரு, ஆளு பாதியா இளைச்சுட்டாரு. என்னோடதையெல்லாம் என்ன பண்ணினீங்கன்னாரு. டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்னேன். வாங்கி, குலுக்கிப் பார்த்து…

— எட்டு குறையுதுன்னு சண்டைக்கு வந்தாரு. தெரியும்ணே.

— முன்னாடியே சொல்லிட்டேனா?

— போன வருஷம் ஆறு குறைஞ்சுது.

— உள்ளே என்ன பேச்சு? எந்தக் கதையை வெளிய எடுக்கிறதுன்னு முடிவாச்சா இல்லையா?

— பார்த்துட்டே இருக்கோம் முதலாளி!

— பார்க்காதீங்க, எடுங்க. தாள்ல பதினாறு பதினாறு பக்கமாத்தான் ஏறும். இருநூத்தியெட்டுல நிக்கணும். இருநூத்திப்பதினாலு வந்து நிக்குது. ஆறு பக்கத்துக்காக இன்னொரு தாளை வீணாக்க என்னால ஆகாது. கால் மணி நேரத்துல மெஷின் ஏறணும்.

— போயிட்டாரா?

— போயிட்டாரு. கதவைச் சாத்தவா?

— சாத்து. இவருக்கு இருபத்திரண்டு கதையில ஒண்ணை எடுக்கணுமாம். என்னைக் கேட்டா இருபத்தொண்ணை எடுத்துட்டு ஒண்ணை வெக்கலாம். களஞ்சியத்துல தானியம்னு பார்த்தா ஒரு மணிதான் இருக்கு.

— எது?

— பதினேழு. பல் பிடுங்கப் போன குமாஸ்தா. வாயைப் பிளந்துகிட்டு உட்கார்ந்திருக்கிறவன்கிட்ட டாக்டர் தன் வீட்டுச் சண்டை, மச்சினன் கடன், சின்ன வயசுல நீச்சல் அடிச்சதுன்னு சொல்லிகிட்டே போறாரு. இவனால ம்னு கூடச் சொல்ல முடியல. கடைசில எழுந்து என்ன சொல்றான்?

— பல் வலி போயிடுச்சு டாக்டர், இப்ப காதுதான் வலிக்குது.

— அதான்! அந்த இடத்துல எனக்கே, என்னன்னு சொல்றது, உதடு லேசா அசைஞ்சுது.

— பார்த்தேன். வாயுன்னு நினைச்சேன்.

— போன பதிப்புல இது இல்ல. எங்க கிடைச்சுது?

— முதலாளி ஒரு பழைய பத்திரிகைக் கட்டு கொடுத்தாரில்ல, தொட்டாலே பொடிப்பொடியா உதிருதே, அதுலேர்ந்து நாலு கதையை நான்தானே கையால பார்த்து எழுதிக் கொடுத்தேன். அதுல ஒண்ணு.

— பாவம், இப்படி ஒண்ணு எழுதத் தெரிஞ்ச மனுஷன் எதுக்கு அந்த மாமனாரைப் பதினோரு தடவை தள்ளிவிட்டாரு? சரி. ஆறு பக்கக் கதை எது எது?

— மூணு இருக்கு. அஞ்சாவது, சைக்கிள் மாமனார். பதினேழு, பல். அப்புறம் ஒன்பதாவது, குளியலறையில தாழ்ப்பாள் போட்டுகிட்டவர்.

— பல்லைத் தொடக்கூடாது.

— தொடவே கூடாதுண்ணே. சைக்கிளையும் தொட முடியாது, அட்டைப் படமே சைக்கிள்தான். அப்போ ஒன்பதைத் தூக்கிடுவோம். சனியன் விட்டுது.

— ஏம்மா, அது என்ன பாவம் பண்ணிச்சு?

— என்ன பண்ணலைன்னு கேளுங்க. ஒருத்தர் குளியலறைக்குள்ள போறாரு, தாழ்ப்பாள் இறுகிக்குது, வெளியே குடும்பமே கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு சொத்துச் சண்டை போடுது. ஆறு பக்கம். மாமனாராவது விழுந்து எழுந்திருக்கிறாரு. இவரு உள்ளயே நிக்கிறாரு.

— நின்னுகிட்டே கேட்கிறதுதான்மா அதுல அழகு. எல்லாரும் அவரைத் திட்டறாங்க, அவரால பதில் சொல்ல முடியாது, ஏன்னா உள்ள இருக்கிறாருன்னே அவங்களுக்கு மறந்துபோச்சு. ஆழமா யோசிக்கணும்.

— யோசிச்சு யோசிச்சு சிரிக்கிறதுக்கு இது என்ன கணக்குப் பரீட்சையா? இத்தனை கதையையும் கிழிச்சுத் தொங்கவிட்டீங்க. இதுக்கு மட்டும் என்ன வக்காலத்து?

— வக்காலத்தெல்லாம் இல்ல. நியாயம்னு ஒண்ணு இருக்கு.

— நியாயம்தானே? இதைப் பாருங்க. நூத்திப்பன்னெண்டாம் பக்கம், நாலாவது வரி. படிக்கிறேன். மூலையிலிருந்த பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, காற்புள்ளி, அதன்மேல் ஏறி நின்று சன்னல் வழியே எட்டிப் பார்த்தார், முற்றுப்புள்ளி.

— சரி. பார்த்தாரு. அதுக்கென்ன?

— இந்தக் கதைக்கு அடியில என்ன வருஷம் போட்டிருக்கு?

— ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு.

— பதினாறுல ஏதுண்ணே பிளாஸ்டிக் வாளி? என்னண்ணே, கண்ணாடியைக் கழட்டிட்டீங்க?

— தூசு.

— நம்ம களஞ்சியக்காரர் கண்ணை மூடறவரைக்கும் பிளாஸ்டிக் வாளியைப் பார்த்திருக்கவே மாட்டாரு. இது அவரு எழுதினதில்ல. போன பதிப்பு வந்தப்ப எவனோ ஒரு மண்டு நடுவுல சொருகியிருக்கான். சொருகினவனுக்கு எழுதவும் வரல, திருடவும் வரல. இப்பவே போய் முதலாளிகிட்ட சொல்லிடறேன்.

— உட்காரும்மா.

— கால் மணிதான் இருக்குண்ணே.

— உட்காருன்னேன்! முப்பத்திநாலு வருஷமா ஊரான் தப்பையெல்லாம் கண்டுபிடிச்சேன். கப்பல்ல போனவன் ரயில்ல இறங்கினதைக் கண்டுபிடிச்சேன். செத்துப்போன அத்தை நாலு அத்தியாயம் தள்ளி சமைச்சுட்டிருந்ததைக் கண்டுபிடிச்சேன். அந்த வாளி மட்டும் என் கண்ணுல படல பாரு.

— ஏன் படணும்? நீங்களா… அண்ணே!

— கத்தாதே.

— அந்த மண்டு நீங்களா?

— போன பதிப்புல ஆறு பக்கம் குறைஞ்சுது. கடைசித் தாள் வெள்ளையா நின்னுது. அப்ப இருந்த பெரிய முதலாளி, ஏதாவது போட்டு ரொப்புய்யான்னுட்டு சாப்பிடப் போயிட்டாரு. விளம்பரமும் இல்ல. அவரு கை கழுவிட்டு வர்றதுக்குள்ள எழுதிட்டேன். எங்க வீட்டுக் குளியலறையில அப்ப பிளாஸ்டிக் வாளிதான் இருந்துது. பச்சை கலரு.

— எழுதறவன் எல்லாம் முட்டாள், திருத்தறவன்தான் மனுஷன்னு எனக்குத் தினமும் பாடம் எடுத்தது யாரு?

— நான்தான். அனுபவத்துலதான் சொன்னேன். கேளும்மா. இந்தக் கையால ஆயிரம் புத்தகம் திருத்தியிருப்பேன். அதுல என்னோடதுன்னு இருக்கிறது அந்த ஆறு பக்கம்தான். ஒரு நாள் பஸ்ல முன் சீட்டுல ஒருத்தர் இந்தப் புத்தகத்தைப் படிச்சுட்டு வந்தாரு. தோளுக்கு மேல எட்டிப் பார்த்தேன். ஒன்பதாவது கதை. வாளி மேல ஏறி நிக்கிற இடத்துல சிரிச்சாரு. சத்தமா. நான் இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டுக் கடைசி ஸ்டாப் வரைக்கும் போனேன்.

— இன்னொரு தடவை சிரிச்சாரா?

— அப்புறம் தூங்கிட்டாரு. அது வேற விஷயம். தூக்கறதுன்னா தூக்கிடு. நீ சொன்னதும் சரிதான். மண்டுதான்.

— பென்சிலைக் கொடுங்க.

— எதுக்கு? குறுக்கே கோடு போடவா?

— பிளாஸ்டிக்கை அடிச்சுட்டு தகரம்னு போடறேன். தகர வாளி. அவ்வளவுதான். இனிமே பதினாறுல யாரு வேணா ஏறி நிக்கலாம்.

— அம்மா…

— அழுதா புரூப் நனையும். இப்ப ஆறு பக்கத்துக்கு எங்க போறது, அதைச் சொல்லுங்க.

— பல்லை எடுக்க மாட்டேன்.

— நானும் எடுக்க மாட்டேன்.

— அப்போ மாமனார்தான்.

— அட்டைப் படம்?

— அட்டையில ஓட்டிகிட்டே இருக்கட்டும். உள்ள வராதவரைக்கும் நமக்கென்ன? வாங்கறவன் தேடிப் பார்ப்பான், நாமதான் பக்கத்தைத் தவற விட்டோம்னு நினைச்சுக்குவான்.

— முதலாளி கேட்டா?

— அவரு என்னிக்குப் புத்தகத்தைப் படிச்சாரு? எடை போட்டுப் பார்ப்பாரு. எழுது: அஞ்சாவது கதை நீக்கம், பக்கம் இருநூத்தியெட்டு. போடு கையெழுத்து. நூறு வருஷத்துக்கு முந்தின சைக்கிள், பதினோரு தடவை விழுந்தது போதும்.

— பாவம், அதை நிஜமாவே களஞ்சியக்காரர்தான் எழுதினாரு.

— அதுதான் அதுல இருக்கிற குறையே. சரி, பின்னட்டைக்கு நாலு வரி கேட்டிருக்காரு முதலாளி. பதினேழைப் பத்திப் போடறேன், சொல்லச் சொல்ல எழுதிக்கோ. நூறு ஆண்டு கடந்தும் வாடாத நகை, காற்புள்ளி, இதுபோல் ஒரு வரி எழுத இன்று எவரும் இல்லை, முற்றுப்புள்ளி. என்ன, எழுதாம உட்கார்ந்திருக்கே? நிஜம்தானே? உன்னையும் என்னையும் நூறு வருஷம் கட்டி வெச்சாலும் அந்தப் பல் டாக்டர் வருவாரா?

— நூறு வருஷம்னு மட்டும் போடாதீங்கண்ணே. எழுதி ரெண்டு மாசம்தான் ஆகுது. சாப்பாட்டு நேரத்துல இதே நாற்காலியில உட்கார்ந்துதான் எழுதினேன், எதிர்ல நீங்க அந்த ஆச்சரியக்குறி டப்பா கதையைச் சொல்லிட்டிருந்தீங்க.