முச்சந்தியில் மூன்றாம் ஆள்

போதாது. கேட்டவருக்கு என் பதில் அதுதான். அந்தக் குகைக்கு இரண்டு பேர் போதாது.

முறைப்படி தொடங்குகிறேன். அவைத்தலைவர் ஹோமர் மெக்வே அவர்களே, முழங்கால்களைப் பாறைக்குக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த மீட்பர்களே, பிள்ளைகள் மண்ணுக்கடியில் தவழ்கையில் மேலே விழித்திருந்த தாய்மார்களே, குகையில் தொலைந்துபோன ஓரினின் அக்கா லெட்டி அம்மா அவர்களே, வணக்கம். நான் மேவிஸ் புரூயிட்.

இந்தத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் இன்று ஒரு பெயரை மீட்புக் குழுப் பட்டியலிலிருந்து அடிக்கப் போகிறீர்கள். டேல் கட்ரைட். குகையின் முதல் கிளையைச் சரியாகத் தேடாமலே, தேடியாயிற்று என்று பச்சை நாடா கட்டினார் என்பது குற்றச்சாட்டு. ஒன்பதாம் நாள், அந்த நாடாவுக்கு நாற்பது அடி உள்ளே ஓரினின் உடல் கிடைத்தது. உண்மை. டேல் தேடவில்லையா? தேடினார். பாறை பாறையாய், பிளவு பிளவாய்த் தேடினார். பின் ஓரின் எப்படி அங்கே வந்தார்?

நான் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். அவற்றில் அலைகிறவன் ஒருவன், தேடுகிறவர் சிலர். எத்தனை தேடுகிறவர் வேண்டும்? அதுதான் என் படிப்பு. பின்வரிசையில் யார் அது, "ஐயையோ, கிளாஸ் ஆரம்பிச்சிருச்சுடா" என்பது? ஆரம்பித்துவிட்டது, ஐயா. சின்ன வகுப்புதான்.

கயிற்றில் இறங்கினால் முச்சந்தி. மூன்று கிளைகள். மூன்றும் நேரே போய் முட்டி நின்றால் இருவர் போதும். ஒருவர் சந்தியில் நிற்க, ஒருவர் உள்ளே போய்வர. ஒவ்வொரு கிளையும் உள்ளே மறுபடி இரண்டாய்ப் பிரிந்தால்? அந்தப் பிரிவிலும் ஒருவர் நிற்க வேண்டும். மூவர். எத்தனை துணிச்சல் இருந்தாலும் இருவரால் ஆகாது. நம் குகை அந்த இரண்டாம் வகை.

முதல் கிளையை நானும் டேலும் முடித்தோம். நாடா கட்டினோம். நான் சந்தியில் நின்றேன். டேல் இரண்டாம் கிளைக்குள் போய்த் திரும்பி வந்தார்.

"இதுவும் உள்ள ரெண்டா பிரியுது, மேவிஸ். நீ இங்கயே நில்லு, அசையாத."

"நீ இடது பக்கம் போறப்ப அவரு வலது பக்கமா நழுவிட்டா? நானும் வரேன்."

"அப்போ சந்தி?"

"பத்து நிமிஷம்டா. சந்தி எங்க ஓடிடப் போவுது?"

சந்தி ஓடவில்லை. நான்தான் போனேன்.

ஓரினின் அணைந்த விளக்கு மூன்றாம் கிளையில் கிடந்தது. உடல் முதல் கிளையில். அந்தப் பத்து நிமிடத்தில், குகைக்குள் விழும் அருவியின் இரைச்சலில், சுவரைத் தடவித் தடவி ஓரின் சந்தியைக் கடந்திருக்கிறார். இருட்டில் நாடா தெரியுமா? எங்களுக்குத் தெரிந்தது. ஒன்பது நாள் அதைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினோம்.

பச்சை நாடா என்ன சொல்கிறது? இங்கே யாரும் இல்லை என்றா? இல்லை, தோழர்களே! நான் பார்த்தபோது இல்லை என்று. அவ்வளவே. சந்தியில் ஆள் நிற்கும்வரைதான் அது நாடா. ஆள் நகர்ந்தால் வெறும் துணி.

நான் சந்தியை விட்டு நகர்ந்ததை டேல் சொல்லவில்லை. நானும் சொல்லவிடவில்லை.

என்ன கேட்டீர்கள், லெட்டி அம்மா? "தெரிஞ்சுமா போன?" தெரிந்தும் போனேன். அந்த வாரம்தான் கரும்பலகையில் அதை நிறுவியிருந்தேன்.

தலைவர் கேட்கிறார்: "மூணாவது ஆள் வர நாலு மணி நேரம் ஆகும்மா. கைய கட்டிட்டு நிக்கவா?" நிற்க வேண்டும், ஐயா. ஒரு கிளையை முடியுங்கள். பிறகு சந்திக்கு வந்து நில்லுங்கள். உள்ளே ஒருவர் செத்துக்கொண்டிருக்கலாம், நில்லுங்கள். கால் துடிக்கும், நில்லுங்கள். நிற்பதும் தேடல்தான். நிற்காததுதான் கொன்றது.

டேலின் பெயரை அடிக்காதீர்கள். இவ்வளவு நேரம் கேட்டதற்கு நன்றி. வசை இருந்தால் அதையும் கேட்டுவிட்டே போவேன். வணக்கம்.

மேவிஸ் மேடையிலிருந்து இறங்கி, மேசைமேல் இருந்த பட்டியலில் தன் பெயரை அடித்தாள். பேனாவை மூடி, தலைவர் முன் வைத்தாள்.