ஐந்தில் ஒரு நொடி

வெறுஞ்சுவரும் கண்ணாடி ஜன்னலும் உள்ள ஹாலில் எத்தனை உசத்தியான ஸ்பீக்கரை மாட்டினாலும் பிரயோஜனமில்லை, முதலில் கனமான திரைச்சீலை போட வேண்டும். நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸ் கமிட்டிக்கு முதல் கூட்டத்திலேயே இதைச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்பீக்கர் என்றால் வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்படலாம். திரைச்சீலையை யார் பார்க்கப்போகிறார்கள்.

நடந்ததையெல்லாம் எழுதித் தாங்க மாமா என்று நீ கேட்டாய். கோபத்தில் கேட்டாய், ஆனாலும் நியாயமாகத்தான் கேட்டாய். ஆயுசில் பாதியை ஒலிப்பதிவுக் கூடத்தில் கழித்தவன் நான், எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கும் திருப்தி.

ஹாலுக்குப் புதிதாக ஒலி, விளக்கு, வீடியோ எல்லாம் அமைக்க வேண்டும் என்று முடிவானபோது, திட்டம் போடும் வேலையை என்னிடம் விட்டார்கள். மூன்று மாதம் அதே நினைப்பாக இருந்தேன். ஹால் காலியாக இருக்கிற பகல் நேரமாகப் பார்த்துப் போய், இரண்டடிக்கு ஓர் இடம் என்று நின்று கை தட்டி, எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்வேன். கடைசி வரிசையில் காது மந்தமானவர்கள் உட்காருவார்கள், அவர்களுக்குத் தனி ஸ்பீக்கர். மேடை விளக்கு பேசுகிறவர் கண்ணைக் கூசாதபடி பக்கவாட்டில், சாய்வாக. எல்லாம் சேர்ந்து நாற்பது பக்கம் வந்தது. பொதுக்குழுவில் வாசித்தேன். ஆறாம் பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஏழாம் பக்கத்தைத் திருப்பினேன்.

அப்போது உன் அப்பா எழுந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சு அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஆண்டு விழாவானாலும் இரங்கல் கூட்டமானாலும் மைக் அவர் கைக்குத்தான் போகும்.

"எங்க மச்சான் மூணு மாசமா காலி ஹால்ல தனியா நின்னு கை தட்டிட்டிருந்தார். என்னடான்னு போய்ப் பார்த்தேன். நாம யாரும் இதுவரைக்கும் அவருக்குத் தட்டுனதில்ல பாருங்க, அதான் அவரே தட்டிக்கிறார். இன்னைக்காவது நாம தட்டிடுவோமே."

தட்டினார்கள். இரண்டு நிமிஷத்தில் திட்டம் நிறைவேறியது. சிரிப்பு அடங்கப் பதினோரு நொடி ஆயிற்று, அதில் இரண்டு நொடி எதிரொலி. தொழில் பழக்கம், எண்ணிவிட்டேன். அவர் எனக்கு நல்லதுதான் செய்தார். என் தங்கையான உன் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சாமான்கள் வந்தன, நானே நின்று மாட்டினேன். மேடையில் பேசுகிறவரின் காலடியில் அவரைப் பார்த்தபடி ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். அவர் குரலை அவருக்கே கேட்கவைப்பதுதான் அதன் வேலை. அந்தக் குரல் ஐந்தில் ஒரு நொடி தாமதித்து வந்தால் எப்பேர்ப்பட்ட பேச்சாளருக்கும் நாக்கு குழறும். வாய் ஒரு சொல்லில் இருக்கும், காது முந்தின சொல்லில் இருக்கும். இழுப்பார், தடுமாறுவார், சொன்னதையே திரும்பச் சொல்வார். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை இப்படி வைத்து வேடிக்கை பார்ப்பதுண்டு. அந்தச் சத்தம் மேடையைத் தாண்டாது, எதிரே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எல்லா ஒலியையும் கட்டுப்படுத்துகிற புது மிக்ஸரில் ஒவ்வொருவர் குரலுக்கும் ஏற்ற அமைப்பைச் சேமித்து எண் கொடுக்கலாம். தலைவருக்கு ஒன்று, செயலாளருக்கு இரண்டு, பாடுகிறவர்களுக்கு மூன்று. உன் அப்பாவுக்கு நான்கு.

திறப்பு விழாவில் அவர் 'வரவேற்கிறேன்' என்ற சொல்லிலேயே மாட்டிக்கொண்டார். மூன்று முறை முயன்றார். யாரோ தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். புது மைக்கைப் பார்த்து வாய்க்கே வெட்கம் வந்துவிட்டது என்று எப்படியோ சொல்லிச் சமாளித்தார். ஆனால் அதைச் சொல்லவே அரை நிமிஷம் ஆனதால் யாரும் சிரிக்கவில்லை. நான் மிக்ஸர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, உன் அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னார்.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் மச்சான் ஆரம்பிச்சுது. அறுபத்திரண்டு வயசுல. மொதல்ல வார்த்தை போச்சு. கடைசியில என்னையே சார்னு கூப்பிட்டார். எனக்கு இப்ப அறுபத்தொண்ணு."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை. ரகசியம் காப்பாற்றுவதில் என்னைக் குறை சொல்ல முடியாது. அதுவரை நான் செய்ததை விளையாட்டு என்று வைத்துக்கொண்டாலும், அதற்குப் பிறகு செய்ததைத் தெரிந்தேதான் செய்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு எழுதி எடுத்துவந்தார். இத்தனை வருஷத்தில் அவர் கையில் தாளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தாள் ஒரு தைரியம் கொடுக்கும், அதனால் நான்காம் எண்ணோடு விளக்கையும் சேர்த்தேன். அவர் மேடையேறினால் முன்விளக்கு நேராக முகத்தில் விழும். வெள்ளைத் தாள் கூசும், எதிரே ஒரு முகமும் தெரியாது. கேமரா அவர் முகத்தை மிக நெருக்கத்தில் காட்டும்படி வைத்தேன். பின்னால் பத்தடித் திரையில் அவர் உதடு நடுங்குவது கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. என் திட்டத்தில் எதுவும் வீணாகவில்லை.

ஒவ்வொரு கூட்டத்தின் பதிவையும் உன் அம்மாவிடம் கொடுத்து, டாக்டரிடம் காட்டச் சொன்னேன். எத்தனை கஷ்டத்திலும் அண்ணன் கூட இருக்கான் என்று அவள் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

சோதனைகளில் ஒரு கோளாறும் இல்லை என்று வந்த அன்று, உன் அப்பா பரீட்சையில் தேறிய பையன் மாதிரி குடியிருப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இன்னும் ஒரே ஒரு கூட்டம், காவலாளியின் பிரிவுபசாரம், அதில் பேசிப் பார்க்கிறேன் என்று என்னிடம்தான் அனுமதி கேட்டார். அன்றைக்குத் தாமதத்தைக் கால் நொடியாக்கினேன். பதினான்கு வருஷமாகத் தினமும் கூப்பிட்ட காவலாளியின் பெயரை அவரால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஆளே எழுந்து போய், பரவாயில்ல சார் என்று அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிவந்தார்.

அதற்குமேல் நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், கல் தானாகவும் தேயும் போலிருக்கிறது. வீட்டில் பேசும்போதும் ஒவ்வொரு சொல்லாக யோசித்தார், யோசித்தால் சொல் வராது. டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார், அது தூக்கத்தைக் கொடுத்தது. உன் அம்மா ஸ்கூட்டர் சாவியை ஒளித்துவைத்தாள். 'தண்ணீர்', 'போதும்' என்று அவர் சீட்டு எழுதிக் காட்டுவதை நீ ஊரிலிருந்து வந்தபோது பார்த்தாய்.

டாக்டருக்காக மிச்சப் பதிவுகளை வாங்க நீ ஹாலுக்கு வந்த நாளில்தானா சர்வீஸ்காரர் மிக்ஸரைத் திறக்க வேண்டும். நாலாம் நம்பருக்கு மட்டும் எதற்கு சார் இவ்வளவு தாமதம் என்று அவர் கேட்டார். நீ என் பின்னால் நின்றிருந்தாய். படித்தவள், உடனே புரிந்துகொண்டாய்.

ஏன் மாமா என்று மூன்று முறை கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். அவருக்கும் ஓய்வு வேண்டும். ஒரே ஆள் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் எப்போது பேசுவது. அவர் நிறுத்திய பிறகு ஏழு பேர் அந்த மேடையில் பேசியிருக்கிறார்கள். நானும் இரண்டு முறை பேசினேன். தெளிவாக இருந்தது என்றார்கள்.

அப்பாவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்க, இல்லன்னா அவருக்கு மூளை நல்லாருக்குன்னு எப்படித் தெரியும் என்றாய். வியாழக்கிழமை காலையில் போனேன். இங்கே எழுதியிருப்பதை இதே வரிசையில், எதையும் குறைக்காமல் சொன்னேன். காலடி ஸ்பீக்கர், விளக்கு, கேமரா, கால் நொடி, எல்லாம். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வாரமாக வாய் திறக்காதவர், வேர்த்துக் கொட்டக் கொட்டப் பேசினார்.

"எனக்காக... பழிய நீங்க... ஏத்துக்கிறீங்க. எனக்கு ஒண்ணுமில்லன்னு... நான் நம்பணும்னு. போதும் மச்சான். உங்கள மாதிரி... ஒரு நல்ல..."

மிச்சம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கும்பிட்டார்.

இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டப்போகிறாய் என்று தெரியும். காட்டு. நீ சொல்லி நான் எழுதினேன் என்பார். சர்வீஸ்காரரைக் கூட்டிவந்தால், வீட்டில் எல்லோரும் சேர்ந்து தன்னைத் தேற்றுகிறோம் என்று இன்னும் உருகிப்போவார். நான்காம் எண்ணை நீ கண்டுபிடித்த அன்றைக்கே அழித்துவிட்டேன், நல்ல மெஷினில் தப்பான அமைப்பை விட்டுவைக்கக் கூடாது.

இல்லை மாப்பிள்ளை, நான் சொன்னது சத்தியம் என்று அப்போதே அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். எனக்கும் வாய்வரை வந்தது. ஆனால் ஒரு மனுஷர் அவ்வளவு சிரமப்பட்டு என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருக்கும்போது, நடுவில் புகுந்து அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.