கம்பளிச் சட்டை நாள்

எனக்குக் குளிர் தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா.

இந்தக் குரோனிங்கன் நகரில் எங்கள் நிதியம் செய்வது எளிய காரியம். விமானத்தில் விடுமுறைக்குப் போகிறவர்கள், அதனால் உண்டாகும் கரிப்புகைக்கு ஈடாக எங்களிடம் பணம் கட்டுவார்கள். அதைக்கொண்டு குறைந்த வாடகை வீடுகளில் எரிவாயு ஹீட்டருக்குப் பதிலாக, மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பொருத்துவோம். ஒரு தெரு முன்பைவிடப் புகையைக் குறைத்ததாகக் காட்டினால்தான் அடுத்த தெருவுக்குப் பணம். அடுத்த தெருவில் சுவரெல்லாம் பூஞ்சை. குழந்தைகள் இருமிக்கொண்டே தூங்கினார்கள்.

எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஹார்மன் போல்ஹாய்ஸ் வீடுதான் இடித்தது. மனைவியை இழந்த முதியவர். செலவுக்குப் பயந்து சமையலறையை மட்டும் சூடாக்கி அங்கேயே படுத்துக் கிடந்தவர், புது இயந்திரம் வந்ததும் வீடு முழுவதையும் சூடாக்கினார். குளிரிலேயே வாழ்ந்தவரிடம் குறைத்துக் காட்ட என்ன இருக்கும்? தெருவின் சராசரியே கவிழ்ந்தது.

பழுது பார்ப்பதற்காக எல்லா வீட்டு இயந்திரங்களையும் என் கைப்பேசியிலிருந்தே இயக்க முடியும். ஜனவரியில் அவருடையதைப் பன்னிரண்டு டிகிரியில் பூட்டினேன். அவர் எனக்குப் போன் செய்தார்.

“ஏம்மா வீட்ஸ்கா, இந்தப் பொட்டி நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. என் பொண்டாட்டி புத்தி இதுக்கும் வந்துடுச்சு போல.”

“அது மெதுவாத்தான் சூடேறும், ஐயா. கம்பளிச் சட்டை நாள்னு நெனச்சுக்கோங்க.”

“அது வருஷத்துல ஒரு நாளும்மா. ஊரே ஹீட்டரக் கொறச்சுட்டு, யார் சட்டை அசிங்கம்னு பாத்துச் சிரிப்போம். இங்க நான் மட்டும்ல போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்.”

“கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

“சரிம்மா. படிச்ச பொண்ணு, தெரியாமலா சொல்லுவ.”

அவர் மறுபடி அழைத்தபோது நாக்கு குழறியது. குடித்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் குடிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். பூட்டைத் திறக்கக் கைப்பேசியை எடுத்தேன். தெருவின் புகை அளவெடுப்பு முடியச் சில நாட்களே இருந்ததால் கீழே வைத்துவிட்டேன்.

தபால்காரப் பெண்தான் உங்களைக் கூப்பிட்டாளாம். மெத்தையைச் சமையலறைக்கு இழுத்து வந்து அதிலேயே விறைத்துக் கிடந்தாராமே.

காலியான வீட்டில் அதற்குப் பிறகு யாரும் எதையும் சூடாக்கவில்லை. அந்த நாட்களையும் சராசரியில் சேர்த்தேன். பணம் வந்தது. அடுத்த தெருக் குழந்தைகள் இப்போது இருமுவதில்லை.

விஷயத்தை முன்பே விளக்கியிருந்தால் அவரே சம்மதித்திருப்பார். அவ்வளவு நல்ல மனிதர்.