எடையைத் திருப்பிச் சொல்ல வைத்த ஜெரார்ட்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் தர்மலிங்கம் அவர்களே, கமிட்டி உறுப்பினர்களே, கணவர் ஜெரார்டை இழந்து முன்வரிசையில் இருக்கும் தங்கை ஜோசபின் அவர்களே, பீடோங் வட்டாரத்து ரப்பர் சிறுதோட்டக்காரர்களே, வணக்கம்.

என்னைச் சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முடியாது.

நம் சங்கத்தில் கணக்கு எழுதிய கிராணி, கம்ப்யூட்டர் ஜெரார்ட் போய்விட்டார். நல்லவர், வல்லவர் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். அவர் என்ன செய்தார் என்று ஒருவராவது சொன்னாரா?

நான் சொல்கிறேன். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் ஒரு கம்ப்யூட்டர், ஆபிசில் ஒரு கம்ப்யூட்டர். இரண்டின் முதுகிலும் இருக்கும் சீரியல் போர்ட்டை நானும் ஜெரார்டும் ஒரு கம்பியால் இணைத்தோம். கம்பியை இழுத்தவன் நான். யாரும் சொல்லித்தந்த வேலையல்ல, நானே கற்றது. எடையை இங்கே தட்டினால் அங்கே பதிவாகும். ஆனால் ரப்பர் ஷீட் பிழியும் உருளையின் மோட்டார் ஓடத் தொடங்கினால், போகும் வழியிலேயே எண் கெட்டது. நம் சிறுதோட்டக்காரர் பாப்பம்மா கொண்டுவந்த முப்பத்தெட்டுக் கிலோ ஆபிசில் முப்பது ஆனது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று கமிட்டியில் கேட்டார்கள்.

"அப்ப எட்டுக் கிலோ பால நானே குடிச்சிட்டேனா லா?" என்றார் பாப்பம்மா.

அன்று நீங்கள் சிரித்தீர்கள். அவர் சிரிக்கவில்லை. ஜெரார்டும் சிரிக்கவில்லை.

நான் கம்பியை மோட்டாரை விட்டு விலக்கி இழுத்தேன். எண் கெடுவது குறைந்தது, நிற்கவில்லை. எண் வந்து சேர்ந்ததும் ஆபிஸ் கம்ப்யூட்டர் 'சரி' என்று பதில் அனுப்பும்படிதான் ஜெரார்ட் முதலில் புரோகிராம் எழுதியிருந்தார். கெட்ட எண்ணுக்கும் அது சரி என்றது.

"நம்ம ஆளுங்க போன் பேசுற மாதிரிண்ணே. காதுல விழலன்னாலும் ஆங் ஆங்னு சொல்லுது. சரின்னு சொல்ல விடக்கூடாது. கேட்டதத் திருப்பிச் சொல்ல வைக்கணும்," என்றார்.

அப்படியே மாற்றி எழுதினார். கொட்டகை எண்ணை அனுப்பும். ஆபிஸ் அதே எண்ணைத் திருப்பி அனுப்பும். இரண்டும் ஒத்தால்தான் பதிவு. ஒத்துவராவிட்டால் மறுபடி. பதிலே வராவிட்டால், சற்றுப் பொறுத்து மறுபடி. அதன் பிறகு எடை குறைந்ததென்று யாராவது வந்தீர்களா?

ஒவ்வொரு எடைக்கும் காத்திருப்பதால் வரிசை நகரவில்லை என்று வந்தீர்கள். வேறு யாருமில்லை, இந்த மண்டபத்தில் இருக்கும் நீங்கள்தான். ஜெரார்ட் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கமிட்டி வெளி ஆளை வைத்துத் திருப்பிச் சொல்லும் அந்தப் பகுதியை புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டது. வரிசை நகர்ந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி!

நான் பார்க்கப் போனேன். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "திருப்பிச் சொல்லுதாண்ணே?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தலைவர் அவர்களே, ஜெரார்டின் படத்தை ஆபிசில் மாட்டப்போவதாக அறிவித்தீர்கள். எங்கே மாட்டுவீர்கள்? பாப்பம்மாவின் எடை மறுபடியும் கெட்டு வருகிறதே, அந்தக் கம்ப்யூட்டருக்கு மேலேயா? படம் வேண்டாம். எடுத்ததைத் திரும்பப் போடுங்கள். அவர் எழுதிய புரோகிராம் உள்ள பிளாப்பி டிஸ்க் ஜோசபினிடம் இருக்கிறது, கேட்டால் தருவார். இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

போடும்வரை ஜெரார்டின் வேலையை நான் செய்வேன். நாளைக் காலை கொட்டகை வாசலில் நிற்பேன். ஒவ்வொரு எடையையும் ஆபிசைப் பார்த்துக் கத்துவேன். அங்கிருந்து அதே எண்ணை யாராவது எனக்குத் திருப்பிக் கத்த வேண்டும். கத்தாவிட்டால் அடுத்த வாளியைத் தராசில் ஏற்ற விடமாட்டேன். மோட்டார் ஓடினால் இன்னும் உரக்கக் கத்துவேன். வரிசை ரோடு வரைக்கும் நீளும்.

நீளட்டும்.