முடிவில்லாத சஹன்கள்

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கலியாணச் சமையல்காரர். மற்றவர் அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை பேசும் தரகர்.

“முடிவில்லாததையும் எண்ணலாமாம். என்ட மகள் கெம்பஸ்ல அதான் படிக்கா,” என்றார் சமையல்காரர். பஸ்ஸுக்கே கேட்டது.

“முடிவில்லாதத எப்புடி காக்கா எண்ணி முடிக்கிற?” தரகர் அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“முடிக்கிற இல்ல தம்பி. எண்ணத்தகு முடிவிலி எண்டு அதுக்குப் பேர். விருந்துல ஒரு சஹன் தட்டச் சுத்தி ஆறு பேர் இருக்கிற தானே? சஹன் வரிசை முடியாமப் போகுது எண்டு வை. முதல் சஹனுக்கு ஒண்டுல இருந்து ஆறு. அடுத்ததுக்கு ஏழுல இருந்து பன்னிரண்டு. ஒருத்தன் எவ்வளவு தூரத்துல இருந்தாலும் அவனுக்கு ஒரு நம்பர் இரிக்கி. ஒருத்தனும் விடுபடமாட்டான்.”

தரகர் சிரித்தார். “உங்கட விருந்துல சோறு கிடைக்காமப் போன ஆக்கள் இரிக்காங்களே!”

“அது என்ட பிழை. கணக்குல பிழை இல்ல.”

“சரி காக்கா. படிப்ப நிப்பாட்டினாத்தான் கலியாணம் எண்டு மாப்பிள்ள ஊட்டார் சொல்றாங்க. நான் என்ன மறுமொழி சொல்ல?”

“இப்ப நான் சொன்ன கணக்கச் சொல்லு.”

“அவங்களுக்கு இது வெளங்காது.”

“அப்ப வெளங்குற மாப்பிள்ள ஊடாப் பாரு.”