இருபத்து மூன்றாவது வால்வு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் இளையபெருமாள் அவர்களே, செயலாளர் அன்பழகன் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் செல்வம்மாள் அக்கா அவர்களே, குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு வந்திருக்கும் கீழத்தெருத் தாய்மார்களே, எந்தக் கூட்டத்திலும் குரல் கொடுக்கும் வெள்ளைச்சாமி அவர்களே, கடைசி நாற்காலியில் தலை குனிந்திருக்கும் மேகலா அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம். பேர் பேராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாசி மாதம் அந்த வெள்ளிக்கிழமை, தண்ணீர்த் தொட்டியடியில் நின்றவர்கள் நீங்கள்தான். நான் யாரையும் மறப்பவள் அல்ல.

கணினி தோற்றது, முத்தாயி மூளை வென்றது என்று எனக்காகப் பேனர் கட்டியிருக்கிறீர்கள். அதைத்தான் அவிழ்க்க வந்தேன்.

முப்பத்தோரு ஆண்டு இந்த ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவள் நான். எந்தத் தெருவுக்கு எந்த வால்வு, எத்தனை சுற்று, எல்லாம் என் தலையில். வால்வுகளைப் போனில் வரைபடமாக ஏற்றத் தற்காலிக வேலைக்கு வந்த பிள்ளை மேகலா. மூன்று நாள் என் பின்னால் நடந்தாள். "ஆயா, இதோட முடிஞ்சுதா?" என்றாள். "முடிஞ்சுது போ" என்றேன்.

முடிந்ததா? இல்லை. இருபத்திரண்டைக் காட்டினேன், ஒன்றை மறைத்தேன். ஏன்? அவள் வந்த முதல் நாளே டீக்கடையில் என் காதுபட அன்பழகன், "கெழவி தலையில இருக்குறத போன்ல ஏத்திட்டா, அப்புறம் கெழவி எதுக்குங்க?" என்றார். நெளியாதீர்கள் தம்பி, அன்று நீங்கள் போட்டிருந்த சட்டை நிறமும் எனக்குத் தெரியும்.

பிறகு நான் காய்ச்சலோடு அரியலூர் ஆஸ்பத்திரியில் படுத்தேன். இங்கே குழாய் உடைந்து சாக்கடை கலந்தது. மேகலா இருபத்திரண்டையும் அடைத்தாள். கீழத்தெருவுக்குத் தண்ணீர் போவது நிற்கவில்லை. எனக்குப் போன் அடித்தாள். ஒன்பது தடவை. மயக்கமா? இல்லை. தூக்கமா? இல்லை. தவிக்கட்டும், என் அருமை தெரியட்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். செல்வம்மாள் அக்கா, அந்த நேரத்தில்தான் உங்கள் பேத்தி அந்தத் தண்ணீரைக் குடித்தாள். ஐந்து நாள் அந்தப் பிஞ்சுக் கையில் குளுக்கோஸ் ஏறியது.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தொட்டியடியில் மேகலாவைச் சூழ்ந்து, "ஒன் மேப்பே தப்பு" என்று ஏசிக்கொண்டிருந்தீர்கள். தனியே போய், நான் மறைத்த அந்த வால்வை அடைத்துவிட்டு வந்தேன். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, கைதட்டினீர்கள். நான் வாய் திறந்தேனா? அவளுக்கு வேலை போனது, எனக்கு இன்று இந்தப் பாராட்டுச் சால்வை வந்தது.

என்ன வெள்ளைச்சாமி, சால்வையை வாங்கிக்கொண்டு பேசச் சொல்கிறாயா? இருப்பா, தோள் கூசுது.

தலைவர் அவர்களே, வரைபடம் பொய் சொல்லவில்லை, வழி காட்டியவள் சொன்னாள். கருவி தோற்கவில்லை, கைகாரி கெடுத்தாள். மேகலாவை மறுபடி வேலைக்கு எடுங்கள். மேகலா, போனை எடுத்து ஏற்றிக்கொள்: சத்துணவுக் கூடத்துப் பின்சுவர், தெற்கே நாலு எட்டு, துவைகல்லுக்கு அடியில். வலப்பக்கம் பதினோரு சுற்று.

கல்லெறியாமல் கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் கை கூப்புகிறேன். எல்லோரும் அன்பழகனைப் பார்க்கிறீர்கள். அவரை என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன். மன்னிக்கவே மாட்டாத ஆள் இந்த ஊரில் எனக்கு ஒருத்திதான். அவள் பேர் முத்தாயி.